சாடை பேசாத நாட்கள்

எங்கள் வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் குக்கரிடம் பேசுவேன். குறை இருந்தால் கேஸ் சிலிண்டரிடம் சொல்வேன். ரொம்பப் பெரிய விஷயம் என்றால் காலண்டர் முருகனிடம் போவேன். யாரைப் பற்றிய பேச்சோ அந்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் அவர் காதில் விழும், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதாக ஆகாது. இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். நேருக்கு நேர் பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் சமாதானம் ஆக வேண்டும், அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது?

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்து முழுக்கச் சாடையில்தான் ஓடுகிறது. அதில் நான் கொஞ்சம் பெயர் வாங்கியவள் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். ஆட்டோ ஓட்டும் என் கணவர் சொன்ன நேரத்துக்கு வராத அன்று, "சிலிண்டரே, நீ சொல்லாம கொள்ளாம தீந்துபோற, பரவால்ல. சில பேரு இதோ வந்துட்டேன்னு சொல்லிட்டே காணாம போயிடறாங்க" என்பேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சிவாஜிநகர்ல டிராபிக்குன்னு அந்த சிலிண்டர் கிட்ட சொல்லு" என்பார். அத்தோடு முடிந்தது. இப்படித்தான் நாங்கள் இத்தனை வருடம் நல்லபடியாகக் குடித்தனம் நடத்தினோம்.

வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் என்று ஒன்று வந்ததும் என் சாடைக்கு மைக் வைத்த மாதிரி ஆகிவிட்டது. குக்கரிடம் சொன்னால் நாலு பேருக்குக் கேட்கும். ஸ்டேட்டஸில் போட்டால் வேலூர்ச் சொந்தக்காரர்கள் வரை போய்ச் சேரும். அந்த வசதிதான் என்னைக் கவிழ்த்தது.

என் மகளுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்திருந்தாள். பெங்களூரில் பதினொன்றாம் வகுப்பே காலேஜில்தான், அது திறக்கும் வரை போனும் கையுமாக இருந்தாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து இரண்டு கை நிறையப் பையோடு வந்து வாசலில் நிற்கிறேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பைகளைக் கீழே வைத்துவிட்டு, அவள் முதுகைப் போட்டோ எடுத்து, "சிலருக்குப் பெற்ற தாய் எதிரில் வந்து நின்றாலும் தெரியாது. நெட் நின்றால் மட்டும் தெரியும்" என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன். நல்ல வரி. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

வேலூரில் சிரித்தார்கள். நான் ரிசப்ஷனில் உட்காரும் அல்சூர் பல் கிளினிக்கில் சிரித்தார்கள். என் மகளுடைய தோழிகளின் அம்மாக்கள் சிரித்துவிட்டுத் தங்கள் பெண்களிடம் காட்டினார்கள். அந்தப் பெண்கள் இவளுக்கு "நெட் நின்னுடுச்சாடி?" என்று வரிசையாக மெசேஜ் அனுப்பினார்கள். அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது.

அவள் கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் கத்தவில்லை. என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாடைகூட இல்லை. தட்டைச் சத்தமில்லாமல் கழுவி வைத்தாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வாட்ஸ்அப்பில் அவளுடைய போட்டோ மறைந்து வெறும் சாம்பல் நிறப் பொம்மை வந்தது. என்னை பிளாக் செய்துவிட்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம், "காலேஜ் தொறந்ததும் அடுகோடி அத்தை வீட்டுல இருந்து போறேன்ப்பா. அங்கேருந்து கிட்ட" என்றாள். நான் எதிரில் சாம்பார்க் கரண்டியோடு நிற்கிறேன். இவர், "ஆமாமா, கிட்டதான்" என்றார்.

ஊரின் இன்னொரு மூலையில், அடுகோடியில் இருக்கும் அந்த அத்தை என் நாத்தனார். ரொம்ப நல்லவள். அதுதான் பிரச்சினை. அந்த வீட்டில் தனி அறை உண்டு, அதட்டல் கிடையாது. பதினாறு வயதில் அங்கே போனவள் இங்கே விருந்தாளியாகத்தான் வந்து போவாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காலேஜ் திறப்பதற்குள் அவள் என்னிடம் பேசிவிட வேண்டும், இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கிளினிக்கில் ஒரு நாள் பேஷண்டின் பெயரைக் கூப்பிடும்போது குரல் உடைந்துவிட்டது. எங்கள் இளம் பல் டாக்டர் பார்த்துவிட்டார். "ஆன்ட்டி, இதுக்கெல்லாம் ஆன்லைன்ல கவுன்சலர் இருக்காங்க. குடும்பப் பிரச்சினை, பிள்ளைங்க பிரச்சினை எல்லாம் பேசலாம், தமிழ்லயே" என்று சொல்லி, என் போனில் அதற்கான ஆப்பை இறக்கி, சனிக்கிழமை சாயங்காலத்துக்கு நேரமும் வாங்கிக் கொடுத்தார். பல்லைத் தவிர எல்லாவற்றுக்கும் அவரிடம் வழி உண்டு.

முதல் சனிக்கிழமை, மகள் டைப்பிங் கிளாஸுக்குப் போன பிறகு உள் அறையில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு இளம்பெண் வந்தார். பின்னால் ஒரு தொட்டிச் செடி. ஆஸ்பத்திரியில் குழந்தை தூங்கும்போது பேசுகிற குரல். "இது உங்களுக்கான பாதுகாப்பான இடம். மனசுல இருக்கறதச் சொல்லுங்க. கடைசியா உங்க பொண்ணோட எப்போ சிரிச்சுப் பேசினீங்க?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "யுகாதி அன்னிக்கு! ஒப்பட்டு, அதான் போளி, தட்டிக்கினு இருக்கச்சொல்ல!"

கவுன்சலர் திடுக்கிட்டார். "அது யாரு?"

"சுவர் மேடம்" என்றேன். எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே சுவர். அவர் வீட்டில் கடுகு வெடித்தால் நான் அடுப்பைக் குறைப்பேன். அவசரமாக இயர்போனை மாட்டிக்கொண்டேன், ஆனால் அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுகைக்கு இயர்போன் கிடையாது.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அக்கா பிடித்துக்கொண்டார். "இன்னாமா, போன்ல யார் கிட்ட அழுதுகினு கீற?"

உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் என் மகள் காதுக்குப் போய்விடும். அவளைப் பற்றி ஊர்பேர் தெரியாத ஒருவரிடம் புலம்புகிறேன் என்று தெரிந்தால், அது இரண்டாவது ஸ்டேட்டஸ் போட்ட மாதிரி. அதனால், "டாக்டர்க்கா" என்றேன்.

"இன்னா டாக்டரு? இன்னாத்துக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

எங்கள் சந்தில் டாக்டர் விஷயத்தில் "ஒண்ணும் இல்ல" என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை நான் மறந்துவிட்டேன். அக்கா முகம் சுருங்கியது. "அதான் அவ்ளோ மெதுவா பேசிச்சா அந்தப் பொண்ணு? நம்ம தெரு டாக்டரு நாக்க நீட்டுன்னு மட்டுந்தான் சொல்வாரு. பெரிய வியாதிக்குத்தான் அப்படிப் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு, என் குடத்தையும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். வயதானவர் உதவி செய்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு என் கணவர் வழி கண்டுபிடித்தார். ஆட்டோவை அல்சூர் ஏரி ஓரம் மரத்தடியில் நிறுத்தி, டிரைவர் சீட்டின் முதுகில் போனை மாட்டிக் கொடுத்துவிட்டு, அவர் எதிர் டீக்கடையில் போய் நின்றுகொண்டார். மகளிடம் மூச்சு விடக் கூடாது என்று என் தலை மேல் சத்தியம் வாங்கியிருந்தேன். பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தேன். பாதுகாப்பான இடம்தான், ஆனால் அது ஆட்டோ. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது தலைகள் உள்ளே நீண்டன. "சிவாஜிநகர் பர்த்தீரா?" கன்னடத்தில் சவாரி கேட்டவர்களிடம் "பரல்லா", வராது, என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து அழுதேன்.

அன்றுதான் சிலிண்டர் விஷயத்தைச் சொன்னேன். கவுன்சலர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க பொண்ணு பக்கத்துலயே இருக்கறப்போ ஏன் சிலிண்டர் கிட்ட பேசறீங்க?"

"நேரா பேசினா நல்லா இருக்காது மேடம்."

"இத்தனை வருஷத்துல அவ கிட்ட நேரா, நீ எனக்கு முக்கியம்னு ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. தினமும் டப்பாவில் சோறு கட்டிக் கொடுக்கிறவள் அதை வாயால் வேறு சொல்வாளா? அவர் விடவில்லை. ஹோம்வொர்க் கொடுத்தார். இனிமேல் சாடை கிடையாது. கண்ணைப் பார்த்து, "எனக்கு" என்று தொடங்கி, மனதில் இருப்பதை நேராகச் சொல்ல வேண்டும். கூடவே, அவள் மேல் நம்பிக்கை வைத்திருப்பதைக் காட்ட ஒரு பொறுப்பை அவள் கையில் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை அவள் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தாள். தோசையை வைத்துவிட்டு எதிரில் நானும் உட்கார்ந்தேன். நான் தோசைக் கல்லை விட்டு வந்து உட்கார்ந்ததே எங்கள் வீட்டில் ஒரு செய்தி. குக்கரைப் பார்க்கத் துடித்த கண்ணை இழுத்துப் பிடித்து அவள் முகத்தில் வைத்தேன்.

"எனக்கு நீ பேசாம இருக்கறது ரொம்ப வருத்தமா இருக்கு. நீ எனக்கு ரொம்ப முக்கியம்" என்றேன்.

அவள் கையில் இருந்த தோசைத் துண்டு அப்படியே நின்றது. ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்தாள். "ஏன்?"

"ஏன்" என்று கேட்டால் என்ன சொல்வதென்று கவுன்சலர் சொல்லித் தரவில்லை. நானாக, "சொல்றதுக்கு நேரம் இருக்கறப்பவே சொல்லிடணும் இல்ல?" என்றேன். அழகான வாக்கியம் என்று எனக்குள் பெருமைகூடப் பட்டேன்.

இரண்டு நாள் விட்டு, பொறுப்பு. பீரோ சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "எது எங்க இருக்குன்னு இனிமே உனக்கும் தெரியணும்" என்றேன். விட்டேனா? அடுப்பருகே கூட்டிப் போய், ரசத்தில் பெருங்காயம் எப்போது போட வேண்டும் என்று காட்டி, "அப்பாவுக்கு இப்படி வெச்சாத்தான் இறங்கும்" என்றும் சொன்னேன்.

பலன் வந்தது பாருங்கள், எனக்கே நம்ப முடியவில்லை. மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் டீ வந்தது. பாத்திரம் கழுவப் போனால், "நீ உக்காரும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் தூங்கும்போது வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் எங்கே இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மத்தியானம் தலையைக் குனிந்துகொண்டு, "நான் அத்தை வீட்டுக்குப் போகல. இங்கயே இருக்கேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. பக்கத்து வீட்டு அக்கா வேறு தினமும் மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து, ஒரு முத்துகூட விடாமல் நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் நின்றார். நேராகப் பேசினால் உலகமே இப்படி மாறும் என்று தெரிந்திருந்தால் சிலிண்டரோடு என் இளமையை வீணாக்கியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை கவுன்சலரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு சீக்கிரம் மாற்றம் வர்றது ரொம்ப அபூர்வம். அடுத்த வாரம் அவளையும் கூட்டிட்டு வாங்க. மூணு பேரும் பேசலாம்" என்றார்.

அவளிடம், "சனிக்கிழம நான் ஒருத்தரப் பாக்கப் போறேன், நீயும் வரியா?" என்று கேட்டேன். யாரை என்றுகூட அவள் கேட்கவில்லை. உடனே சரி என்றாள். சனிக்கிழமை ஒரு பையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சால்வை எல்லாம் எடுத்துக்கொண்டாள். கோடைக்காலத்தில் சால்வை எதற்கு என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஆட்டோவில் வழி முழுக்க என் கையை விடவில்லை.

ஏரி ஓரம் ஆட்டோ நின்றதும் அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஆஸ்பத்திரி எங்கப்பா?"

என் கணவர் ஒன்றும் புரியாமல் போனை மாட்டிவிட்டு டீக்கடைக்கு நடந்துவிட்டார். திரையில் கவுன்சலர் வந்தார், முகம் நிறையச் சிரிப்பு. "வாம்மா. உன்னப் பத்தி அம்மா நிறையச் சொல்லியிருக்காங்க."

என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டர், அம்மா முன்னாடியே சொல்லுங்க, பரவால்ல. எந்த ஸ்டேஜ்?"

கவுன்சலர் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

"எது வந்தாலும் நாங்க பாத்துக்கறோம். நான் சமைக்கறேன், வீட்டப் பாத்துக்கறேன். எவ்ளோ நாள்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. பல தடவை ஒத்திகை பார்த்த குரல் அது.

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. என் பக்கத்தில் நின்று ரசம் கற்றுக்கொண்ட பிள்ளை, நான் இல்லாத வீட்டுக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கவுன்சலருக்கு ஒருவழியாகக் குரல் வந்தது. "அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லம்மா. நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்ல, குடும்ப கவுன்சலர். உங்கிட்ட எப்படிப் பேசறதுன்னு கேக்கத்தான் வந்தாங்க."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான், நீ டாக்டர் கிட்ட அழுதேன்னு சொன்னாங்க. அப்பாவக் கேட்டா, சொல்லக் கூடாதுன்னு சத்தியம்னாரு."

"நீ கோச்சுப்பேன்னுதான் மறைச்சேன்."

"அப்போ பீரோ சாவி?"

"ஹோம்வொர்க்" என்றேன்.

"நான் முக்கியம்னு சொன்னது?"

"அதுவும் ஹோம்வொர்க்குதான். ஆனா நெஜமாத்தான் சொன்னேன்."

"யாரும்மா நம்ம வீட்டுல அப்படியெல்லாம் பேசுவாங்க? சாகப்போறவங்கதான் பேசுவாங்க!"

சரியாக அந்த நேரத்தில் ஒருவர் தலையை உள்ளே விட்டு, "சிவாஜிநகர் பர்த்தீரா?" என்றார். "பரல்லா ரீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஏரிக்கரைப் புறாக்கள் எழுந்து பறந்தன.

பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மறுபடியும் மௌனம், அடுகோடி, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் முன்னால் இருந்த ஆட்டோ மீட்டரைப் பார்த்தாள்.

"மீட்டரே" என்றாள். "உனக்குத் தெரியுமா? சில பேரு... ஆட்டோல ஏறிப் போயி கண்ணு செவந்து வருவாங்க. சாவியத் தூக்கிக் குடுப்பாங்க. பெருங்காயம் எப்போ போடணும்னு சொல்லித்தருவாங்க. வீட்டுல இருக்கறவங்க சோறு இறங்காம பாத்ரூம்ல போயி அழணும். இவங்க ஜோரா மாதுளம்பழம் சாப்பிடுவாங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "சில பேரு" என்பதற்குப் பிறகு விட்டாளே ஒரு இடைவெளி, அது என்னுடையது. எங்கள் சந்தில் வேறு யாருக்கும் அது வராது.

"அம்மாவைப் பார்த்து நேரா சொல்லும்மா" என்றார் கவுன்சலர்.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

நான் பேச்சுக்குச் சைடு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணாடியே, பொண்ணு முதுகப் போட்டோ புடிச்சு ஊருக்கே காட்டினவ கையில சூடு வைக்கணும். அது அவளுக்கே தெரியுது. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, ஆளு வெச்சுக் கேட்டுக்கினு இருந்தா."

மீட்டர் பக்கத்திலிருந்து அவள் பதில் தணிந்த குரலில் வந்தது. "மீட்டரே, அந்த வீட்ட அம்மா இல்லாம தெனமும் நெனச்சுப் பாத்தேன். நெனைக்க முடியல. இனிமே என்ன அப்படி நெனைக்க வைக்க வேணாம்னு சொல்லிடு."

நான் கண்ணாடியை விட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் திமிறினாள், ஆனால் ரொம்ப இல்லை. திரையில் கவுன்சலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுவும்... ஒரு வழிதான்" என்றார்.

டீயோடு திரும்பிய என் கணவர் இரண்டு பேரும் அழுவதைப் பார்த்துப் பயந்துவிட்டார். "நீங்களாவது சொல்லியிருக்கலாம் இல்லப்பா?" என்று அவள் பாய்ந்தாள். "அம்மா தலை மேல சத்தியம்மா. நான் சொல்லாம இருந்ததாலதான் உங்கம்மா நல்லா இருக்கா" என்றார்.

மறுநாள் டீ வரவில்லை. பாத்திரம் அப்படியே கிடந்தது. போன் மறுபடியும் அவள் கையில் ஏறிவிட்டது. பீரோ சாவியை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுகோடிப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, போகவில்லை என்று சொன்ன சொல் செல்லுமா செல்லாதா? கேட்கப் பயந்துகொண்டு சமையலறையில் நின்றேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கத்தினார். "இன்னாமா, உனக்கு ஒண்ணும் இல்லியாமே! உம் பொண்ணு ஸ்டேட்டஸ்ல போட்டுகீது! அப்போ நான் உரிச்ச மாதுளம்பழம்?"

போனை எடுத்தேன். சாம்பல் நிறப் பொம்மை போய் அவளுடைய முகம் வந்திருந்தது. திறந்தேன். எங்கள் ஆட்டோ மீட்டரின் போட்டோ. கீழே எழுதியிருந்தாள்: "சிலருக்கு ஒண்ணுமே இல்லையாம். அடுகோடி கேன்சல். அதுக்காக யாரும் ரொம்ப ஆட வேண்டாம்."

சிலிண்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஸ்டேட்டஸை எத்தனை தடவை பார்த்தாலும், பார்த்தவர்கள் வரிசையில் ஒருவர் பெயர் ஒரு தடவைதான் வரும். அந்தத் தைரியத்தில் மறுநாள் அது மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.